கிபாலே காட்டில் சிம்பன்சிக்கு ஒரு நேரம், பறவைக்கு ஒரு நேரம்

உகாண்டாவின் மேற்கே இருக்கும் கிபாலே தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பலரும் மனதில் ஒரு கணக்கோடுதான் போகிறார்கள். சிம்பன்சியைத் தேடி எப்படியும் காட்டுக்குள் நடக்கப்போகிறோம், போகிற வழியில் பறவைகளையும் பார்த்துவிடலாம் என்பது அந்தக் கணக்கு. காட்டுக்குள் கால் வைத்த பத்தாவது நிமிடம் அது பொய்த்துவிடும். சிம்பன்சித் தேடல் வேகமான நடை. ரேஞ்சரின் காது அடுத்த கூச்சல் எங்கிருந்து வருகிறது என்பதிலேயே இருக்கும். தலைக்கு மேல் கரும் பஞ்சுருட்டான் பறவை உட்கார்ந்திருந்தாலும் குழு நிற்காது. பறவை பார்ப்பதோ நின்றால்தான் நடக்கும் வேலை. இரண்டையும் ஒரே நடையில் திணித்தால் இரண்டும் அரைகுறையாகும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், இரண்டுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குங்கள். இந்தப் பதிவின் மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

1932இல் வனக் காப்பகமாகத் தொடங்கி 1993இல் தேசியப் பூங்காவான காடு இது. பரப்பு ஏறக்குறைய 795 சதுர கிலோமீட்டர். உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,100 முதல் 1,600 மீட்டருக்குள் ஏறி இறங்குகிறது. அதனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தும் காலையில் குளிரும். பதின்மூன்று வகைக் குரங்கினங்கள் உண்டு. சிம்பன்சிகள் மட்டும் 1,500 அளவில் இருக்கும் என்பது மதிப்பீடு, உகாண்டாவில் வேறெங்கும் இத்தனை இல்லை. மூன்று பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கன்யாஞ்சுதான் நீங்கள் போகும் இடம், சுற்றுலா நடைகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. கன்யாவாராவும் ங்கோகோவும் ஆய்வுக்கான பகுதிகள். கன்யாவாராவில் 1987இலிருந்து ரிச்சர்ட் ராங்கமின் குழுவும், ங்கோகோவில் 1995இலிருந்து ஜான் மிட்டானி, டேவிட் வாட்ஸ் இருவரின் குழுவும் சிம்பன்சிகளைத் தொடர்ந்து கவனித்து வருகின்றன. ங்கோகோ கூட்டம் ஒரு கட்டத்தில் இருநூறைத் தொட்டது. அத்தனை பெரிய சிம்பன்சிக் கூட்டத்தை வேறெங்கும் யாரும் பதிவு செய்ததில்லை. பிறகு அது இரண்டாக உடைந்து, ஒன்றோடொன்று மோதத் தொடங்கியது.

எண்டெபே விமான நிலையத்திலிருந்து ஃபோர்ட் போர்ட்டல் நகரம் சுமார் 300 கிலோமீட்டர், காரில் ஐந்தாறு மணி நேரம். கம்பாலா நெரிசலில் மாட்டினால் கூடவே ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட் போர்ட்டலிலிருந்து கம்வெங்கே சாலையில் 35 கிலோமீட்டர் போனால் கன்யாஞ்சு. தார் சாலைதான். விமானத்திலிருந்து இறங்கிய மறுநாள் காலையே டிரெக்கிங் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு டயர் பஞ்சரானால் எட்டு மணி விளக்கக் கூட்டத்தைத் தவறவிடுவீர்கள், பெர்மிட் பணமும் போய்விடும்.

பெர்மிட்டை உகாண்டா வனவிலங்கு ஆணையம் தருகிறது. 2024 ஜூலையிலிருந்து வெளிநாட்டவருக்கான கட்டணம் 250 டாலர், அதற்கு முன் 200. அது அந்த ஒரு நடைக்கான, அந்த ஒரு வேளைக்கான அனுமதி. காலை எட்டு மணிக்கு ஒரு வேளை, பிற்பகல் இரண்டு மணிக்கு இன்னொன்று. எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலானோர் யோசிக்காமல் காலை என்பார்கள். பறவையும் வேண்டும் என்பவருக்கு நான் பிற்பகலைத்தான் சொல்வேன். காரணம் இரண்டு. காலையில் சிம்பன்சிகள் பெரும்பாலும் அத்திமர உச்சியில் பழம் தின்றுகொண்டிருக்கும். முப்பது மீட்டர் உயரத்தில் கறுப்பாக ஏதோ அசைவதைக் கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டியிருக்கும். வெயில் ஏறியபின் வயிறு நிறைந்து தரைக்கு இறங்கி, ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் வாய்ப்பு கூடுதல். இரண்டாவது காரணம், காலைப் பொழுது பறவைக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் மழைக்காலம், பிற்பகலில் இடி மழை அடிக்கடி வரும். அந்த மாதங்களில் போகிறவர்கள் சிம்பன்சிக்குக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் சிம்பன்சி பெரும்பாலும் குந்திக் குனிந்துதான் உட்கார்ந்திருக்கும். உங்கள் ஒரு மணி நேரம் அதைப் பார்த்தே கழிந்துவிடும்.

மழை குறைந்த காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பிறகு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இது மழைக்காடு என்பதால் அப்போதும் மழைக்கோட்டு இல்லாமல் போகக் கூடாது.

தேடல் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால் வழியில் பார்க்க நிறைய இருக்கும். சிம்பன்சி ஒவ்வொரு இரவும் புதிய கூடு கட்டிப் படுக்கும். மரக்கவட்டில் கிளைகளை மடக்கி, இலையைப் பரப்பிச் சில நிமிடங்களில் முடித்துவிடும். முந்தைய நாள் மாலை அவை எங்கே படுத்தன என்பதைக் குறித்துவைத்திருக்கும் டிராக்கர்கள் விடியுமுன் அங்கே போய்விடுவார்கள். இலை பச்சையாக இருந்தால் நேற்றைய கூடு, பழுப்பேறியிருந்தால் பழையது. அடுத்த தடயம் பழம். அந்த வாரம் எந்த அத்தி பழுத்திருக்கிறது என்பது ரேஞ்சருக்கு மனப்பாடம். சிம்பன்சி அத்திப்பழத்தை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டு நாரை உருண்டையாகத் துப்பும். பாதையில் அப்படிக் கிடக்கும் உருண்டையைக் கவனியுங்கள். கீழுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்து அழுத்தியதால் ஒரு பக்கத்தில் பல்வரிசை பதிந்திருக்கும். ஈரமாக, விதை மினுமினுப்போடு இருந்தால் கூட்டம் பக்கத்தில்தான். காய்ந்து எறும்பு ஏறியிருந்தால் நடந்துகொண்டே இருங்கள். ஈரமண்ணில் கை முட்டியின் நான்கு பள்ளங்கள் வரிசையாகப் பதிந்திருப்பதும் நல்ல சகுனம்.

பிறகு சத்தம். தாழ்ந்த குரலில் 'ஹூ... ஹூ...' என்று தொடங்கி, மூச்சை உள்ளே இழுக்கும் ஒலியும் வெளியே விடும் ஒலியும் மாறிமாறி வேகமெடுத்து, கடைசியில் அலறலாக முடியும். கூடவே ஆண் சிம்பன்சி, மரத்தடியில் பலகை போல விரிந்திருக்கும் பலகை வேரைக் கையாலும் காலாலும் அறையும், அது ஒரு கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும். அதைக் கேட்ட ரேஞ்சர் பாதையை விட்டு இறங்கிவிடுவார். அங்கிருந்து வேரும் கொடியும் சேறுமாக இருக்கும். நடக்கும் நேரம் அரைமணியும் ஆகலாம், மூன்று மணியும் ஆகலாம். கிபாலேயில் சிம்பன்சியைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம், ஆனாலும் உத்தரவாதம் கிடையாது. பழம் குறைந்த மாதங்களில் கூட்டம் இரண்டு மூன்றாகச் சிதறித் திரியும், நடையும் நீளும்.

கண்டுபிடித்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். ஒரு மணி நேரம்தான். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம். இந்தக் கவசத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். 2013இல் கன்யாவாராவில் 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் ஐந்து செத்தன. காரணம் ரைனோவைரஸ் சி, மனிதர்களுக்குச் சளி பிடிக்கவைக்கும் வைரஸ். 2016 டிசம்பரில் தொடங்கி 2017 தொடக்கம் வரை ங்கோகோவில் 25 சிம்பன்சிகள் மூச்சுக்கோளாறில் மடிந்தன, அதுவும் மனிதர்களிடம் புழங்கும் மெட்டாநியூமோவைரஸ்தான். நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகல், அவற்றுக்குச் சாவு. அதனால் இருமலோ சளியோ இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கவசத்தில் இரண்டு கூடுதலாக எடுத்துப்போங்கள், முதல் ஒரு மணி நேர நடையிலேயே ஒன்று வியர்வையில் நனைந்துவிடும். கண்ணாடி போடுகிறவர்கள் மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி வளைத்துக்கொள்ளாவிட்டால் மூச்சுக்காற்று மேலேறிக் கண்ணாடியும் பைனாகுலரும் பனிபிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் துடைப்பதிலேயே போகும்.

சிம்பன்சிக்கு முன்னால் எதையும் தின்னக் கூடாது, தண்ணீர் குடிப்பதென்றாலும் விலகிப் போய்க் குடிக்க வேண்டும். காட்டுக்குள் அவசரம் வந்தால் ரேஞ்சரிடம் சொல்லுங்கள், குழி தோண்டி மூட வைப்பார். ஆண் சிம்பன்சி ரோமம் சிலிர்த்து, கிளையை இழுத்துக்கொண்டு உங்கள் பக்கமாக ஓடிவரலாம். பெரும்பாலும் அது உங்களுக்காக இல்லை, இன்னொரு ஆணுக்குக் காட்டும் வீறாப்பு. ஓடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் மரத்தை ஒட்டி நில்லுங்கள், வழியை விட்டுவிடுங்கள். ரேஞ்சரின் துப்பாக்கி சிம்பன்சிக்காக அல்ல. யானை குறுக்கிட்டால் வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டத்தான்.

படம் எடுப்பவர்களுக்கு இந்தக் காடு ஒரு சோதனை. மர உச்சிகள் பின்னிய விதானத்துக்குக் கீழே நண்பகலிலும் வெளிச்சம் இருக்காது, ஃபிளாஷுக்கு அனுமதி கிடையாது. ஐஎஸ்ஓ 3200இலிருந்து 6400 வரை போகத் தயாராக இருங்கள். 70-200 எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் அதுவே போதும், தரையில் இருக்கும் சிம்பன்சிக்கு 400 மில்லிமீட்டர் பல நேரம் அதிகம். வேகம் விநாடியில் 250இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் முகம் கலங்கும். ஒளி அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். சட்டகம் முழுக்கக் கறுப்பு உடல் நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், எனவே அரை ஸ்டாப் குறையுங்கள். அதே சிம்பன்சி வெள்ளை வானத்துக்கு எதிரே கிளையில் இருந்தால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வெறும் நிழல்தான் மிஞ்சும். ஒரு யோசனை: கடைசி இருபது நிமிடம் கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள். ஒரு தாய் குட்டியின் காதுமடலைப் பிரித்து உற்றுப் பார்க்கும் விதத்தை வ்யூஃபைண்டர் வழியே பார்ப்பது வீண்.

இனி பறவை. கிபாலேயில் 350 வகைக்கு மேல் பதிவாகியுள்ளன. ஆனால் பறவைக்காரர்கள் இங்கே வருவது ஒன்றே ஒன்றுக்காக: பச்சை மார்பு பிட்டா. ஆறுமணிக்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேலே பச்சை, வயிற்றில் ரத்தச் சிவப்பு, இறக்கையில் பளிச்சென்று நீலப்புள்ளிகள். இத்தனை நிறம் இருந்தும் இருட்டான தரையில் சருகைப் புரட்டிக்கொண்டு நிற்கும்போது மூன்று மீட்டரில் இருந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. அதைப் பிடிப்பதற்கு ஒரே வழி விடியற்காலை. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. ஆறு மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பி, வெளுக்கும் முன்பே பிட்டா இருக்கும் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். முதல் வெளிச்சத்தில் தாழ்ந்த கிளையில் ஏறி 'ப்ர்ர்ப்' என்று குட்டையாக ஒரு ஒலி எழுப்பும், கூடவே நின்ற இடத்திலிருந்து துள்ளி அதே கிளையில் இறங்கும். அந்தத் துள்ளலில்தான் சிவப்பு தெரியும். இது சில நிமிடக் காட்சி. வெளிச்சம் ஏறியதும் வாய் மூடித் தரைக்கு இறங்கிவிடும். அப்புறம் சருகு அசையும் சத்தத்தை வைத்துத்தான் தேட வேண்டும்.

இந்த விடியற்கால நடை சிம்பன்சி பெர்மிட்டில் சேராது, தனிக்கட்டணம். அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆறு மணிக்குக் காட்டுக்குள் வர வழிகாட்டி வேண்டும், அதை முந்தைய நாளே கன்யாஞ்சு அலுவலகத்தில் சொல்லி உறுதி செய்ய வேண்டும். பெயர் சொல்லி 'பிட்டா' என்று கேளுங்கள். எல்லா ரேஞ்சருக்கும் சிம்பன்சி தெரியும், பிட்டாவின் இடம் சிலருக்குத்தான் தெரியும். ஸ்பீக்கரில் குரலை ஒலிக்கவிட்டு இழுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அதே இரண்டு மூன்று பறவைகளைத்தான் ஒவ்வொரு குழுவும் தேடுகிறது. தினமும் பொய்க்குரலுக்குப் பதில் சொல்லும் பறவை இடத்தையே காலி செய்துவிடும்.

பிட்டா முடிந்தால் எட்டு மணிக்குள் காட்டை விட்டுச் சாலைக்கு வந்துவிடுங்கள். உள்ளே விதானத்துப் பறவைகள் எல்லாம் வயிற்றுப் பக்கம்தான் தெரியும். கம்வெங்கே சாலை காட்டை வெட்டிப்போகும் இடத்தில் மரவிளிம்பு கண் மட்டத்துக்கு இறங்குகிறது. கரும் பஞ்சுருட்டான், மஞ்சள் அலகுக் குக்குறுவான், ஏஃபெப் புறா, நீல மார்பு மீன்கொத்தி எல்லாம் அங்கே வாய்ப்புள்ளவை. காலையில் சாம்பல் கிளிகள் சீட்டியடித்துக்கொண்டு தலைக்கு மேல் கடக்கும். கூண்டு வியாபாரத்தால் அழிந்துவந்த இந்தக் கிளியின் சர்வதேச வணிகத்தை 2016இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்த மாநாடு தடை செய்தது. அது காட்டில் பறப்பதைப் பார்க்க வாய்த்த இடங்களில் இது ஒன்று. கருவெள்ளை இருவாச்சி வருவதைக் காதுதான் முதலில் சொல்லும், நீராவி எஞ்சின் மூச்சு விடுவது போல இறக்கைச் சத்தம். குரங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் மேலே பாருங்கள், குரங்கு வேட்டையாடும் கிரவுன்ட் கழுகு வட்டமிட்டுக்கொண்டிருக்கலாம். சாலையில் லாரிகள் வேகமாக வரும், ஓரமாகவே நில்லுங்கள். பபூன்களுக்கு எதையும் போடாதீர்கள்.

சஃபாரி எறும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு நாடா போலப் பாதையைக் குறுக்கே கடக்கும். தெரியாமல் மிதித்தால் முப்பது விநாடிக்குள் தொடைவரை ஏறி, எல்லாம் சேர்ந்து கடிக்கத் தொடங்கும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது இதற்காகத்தான். ஏறிவிட்டால் தட்டாதீர்கள், தலை தோலில் பிடித்தபடி நிற்கும், ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ஆனால் பறவைக்காரருக்கு இந்த எறும்புதான் பரிசு. படை பரவும்போது அதற்குப் பயந்து ஓடும் பூச்சிகளைப் பிடிக்க அலெத்திகளும் எறும்புப் பூங்குருவிகளும் கூடும். மற்ற நேரத்தில் நிழலாக ஓடி மறையும் இந்தப் பறவைகள் அப்போது எதையும் பொருட்படுத்தாது. படையிலிருந்து மூன்று மீட்டர் விலகி, அரைமணி அசையாமல் நின்றால் போதும்.

பிற்பகல் ஒன்று மீந்தால் பிகோடி சதுப்புநிலத்துக்குப் போங்கள். கன்யாஞ்சுவிலிருந்து ஆறு கிலோமீட்டர், 1992இல் தொடங்கிய காஃப்ரெட் என்ற உள்ளூர் மக்கள் அமைப்பு நடத்துகிறது. அங்கே கட்டும் பணம் ஊருக்கே போகிறது. பெப்பைரஸ் கோரையைச் சுற்றி மூன்று மணி நேர நடை, சமதரை. பெரிய நீல டுராக்கோ என்ற பறவையை நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் தெரியாது. சேவல் அளவு, நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் கலந்து, பறப்பதைவிடக் கிளையில் ஓடுவதையே விரும்பும். சிவப்புக் கொலோபஸ் குரங்குகளும் இங்கே தாழ்ந்த மரங்களில் கிடைக்கும்.

எடுத்துப்போக வேண்டியவற்றில் சிலதைத்தான் சொல்கிறேன், மற்றவை உங்களுக்கே தெரியும். பைனாகுலர் 8x42 போதும். இருட்டில் 10x42ஐ விட வெளிச்சம் கூடுதல், மேலே பார்க்கும்போது கை நடுக்கம் குறைவு. நைட்ரஜன் நிரப்பிய நீர்புகாத வகையாக இருக்கட்டும், சாதாரண வகை இரண்டாம் நாளே உட்புறம் பூத்துவிடும். முள்ளும் காஞ்சொறியும் நிறைய, தோட்ட வேலைக் கையுறை ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ரப்பர் பூட்ஸ் நல்லது, மற்ற நேரத்தில் கணுக்கால் பிடிக்கும் நடைபூட்ஸ். மழைக்கோட்டு நடக்கும்போது சரசரக்காத துணியாக இருக்க வேண்டும். பறவைக்காரர்கள் விரும்பிப் போடும் ராணுவப் பச்சைத் திட்டு உடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உகாண்டாவில் பொதுமக்கள் அதை அணிவது குற்றம், போலீஸ் நிறுத்தும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் எண்டெபேயில் நுழைய முடியாது. பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். மலேரியா ஆண்டு முழுவதும் உண்டு, மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள். விசா இணையத்தில் 50 டாலர். கென்யா, ருவாண்டாவும் சேர்த்துப் போகிறவர்களுக்கு 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க விசா உண்டு. டாலர் நோட்டு 2009க்குப் பின் அச்சானதாக, கிழிசலோ கிறுக்கலோ இல்லாததாக இருக்கட்டும், பழையதை வாங்கமாட்டார்கள்.

கடைசியாக, 400 டாலர் கட்டணத்தில் ஹேபிச்சுவேஷன் அனுபவம் என்று ஒன்று உண்டு. மனிதருக்கு இன்னும் முழுதாகப் பழகாத சிம்பன்சிக் கூட்டத்தை, அவை கூட்டை விட்டு எழுவதிலிருந்து பல மணி நேரம் பின்தொடரலாம். நன்றாக நடக்க முடிந்தவர், சிம்பன்சி மட்டுமே குறியாக வந்தவர் எடுக்கலாம். பழகாத விலங்குகள் விலகி ஓடும், நீங்கள் அவற்றின் பின்னால் ஓட வேண்டும், பார்வை நேரம் கூடினாலும் தெளிவான பார்வை கூடும் என்று சொல்ல முடியாது. பறவையும் வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது. ஒரு முழுநாளை அது விழுங்கிவிடும், விடியற்காலை உட்பட.